சதுப்பில் கிடந்த எள்ளுச்சோறு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. எழுதினால் பிழை வரும், வசனம் இழுபடும், எதைச் சொல்லவந்தேன் என்பதும் இடையில் மறந்துபோகும். நாலு பேர் கூடுகிற இடத்தில் வாய் திறக்காமல் குசினிக்குள் போய்க் கோப்பை கழுவுகிற ஆள் நான். வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகள்தான் விடவில்லை. "வடக்கிலை இருந்த காலத்தைப் பற்றி எழுதுங்கோ அம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நோர்வேயின் வடகோடியில் நான் வேலைசெய்த மீன் ஃபாக்டரியைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் அங்கே முட்டையிடுகிற பறவைகளைப் பற்றி எழுதுகிறேன். அதை எழுதப்போனால் என் பொறாமையும் பின்னாலேயே வரும். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

என் மகளுக்கு அந்தப் பறவைகளை எண்ணுவதுதான் வேலை. கோயிலில் யாராவது, "மகள் இப்ப என்ன செய்யிறா?" என்று கேட்டால் நான், "ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒருமுறை பக்கத்தில் நின்றவ சிரித்தபடி, "குருவி எண்ணுறதுக்கும் இந்த நாட்டிலை சம்பளமோ?" என்று கேட்டுவிட்டா. எனக்கு அதில் வெட்கம் இல்லை. என்னுடைய மனவருத்தம் வேறு. மகள் எண்ணுகிற இடம், நான் முன்பு இருந்த பாட்ஸ்பியோர்ட் ஊருக்கு மேலே, ஒரு சதுப்பில் இருக்கிறது. பாட்ஸ்பியோர்ட்டில் சின்னம்மா இருக்கிறா.

சின்னம்மா என்று மகள்தான் கூப்பிடுவாள். எனக்கு அவ கூடப்பிறந்தவள் இல்லை. ஃபாக்டரியில் எனக்குப் பக்கத்து மேசையில் நின்று கொட் மீனுக்கு முள்ளெடுத்தவ. நானும் அவவும் ஒரே வருடம்தான் அந்த ஊருக்குப் போய் இறங்கினோம். மகள் பிறந்தபிறகு, பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக வழியில்லாமல் நான் தடுமாறியபோது, அவவாகவே மேலாளரிடம் போய்த் தன் நேரத்தை மாற்றிக்கொண்டா. நான் காலை வேலை, அவ மாலை வேலை. ஃபாக்டரி வாசலில் ஒருத்தி உள்ளே போக, மற்றவள் வெளியே வருவாள். பிள்ளை கைமாறும். இரண்டு பேர் உடுப்பிலும் ஒரே மீன் வாடை இருந்ததால் பிள்ளை அழுவதுமில்லை.

அது பெரிய உதவி. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் பிள்ளை முதலடி வைத்தது அவவுடைய நேரத்தில். முதல் பல்லைக் கண்டதும் அவதான். நான் கையுறையோடு மீனைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் என் பிள்ளை அவவுடைய குசினியில், கதிரையைவிட்டு அடுப்புவரை நடந்திருக்கிறது. மாலையில் வாசலில் பிள்ளையைக் கைமாற்றும்போது அவ அதைச் சந்தோசமாகச் சொன்னா. நானும் சிரித்தேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு எழுதும்போதும் அந்தக் கதிரையின் நிறம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பச்சை.

மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் என் மனுசனுக்கு ஒஸ்லோவில் பஸ் கழுவுகிற வேலை கிடைத்தது. நாங்கள் இங்கே வந்துவிட்டோம். இனிப் பிள்ளை எனக்குத்தான் என்று பெட்டி கட்டும்போதே மனதுக்குள் நினைத்தேன். சின்னம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவவும் புருசனும் அங்கேயே தங்கிவிட்டார்கள். மகள் படித்தாள், வளர்ந்தாள், இவர் காலமானார், எல்லாம் ஒஸ்லோவில்தான் நடந்தது. கடைசியில் அவள் படித்த படிப்பு அவளைத் திரும்பவும் அந்த ஊருக்கே கொண்டுபோய் விட்டது. உலகத்தில் எத்தனையோ இடத்தில் பறவை முட்டையிடுகிறது. இவளுக்கு அந்தச் சதுப்பு வாய்த்தது.

ஒவ்வொரு வருடமும் பனி கரையும் நேரம் போவாள், ஆகஸ்டில் வருவாள். தங்குவது சின்னம்மா வீட்டில். எனக்குப் போன் எடுத்தால், "சுகமா இருக்கிறன், சாப்பிட்டிட்டன், வைக்கிறன்" என்று மூன்று சொல். அதற்குப் பின்னால் சின்னம்மாவின் சிரிப்புக் கேட்கும். அங்கே என்ன கதைத்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் பறவையைப் பற்றிக் கேட்கப் பழகினேன். பறவையைப் பற்றிக் கேட்டால்தான் அவள் போனை வைக்கமாட்டாள். சம்பந்தி வீட்டுக் கதையை விசாரிப்பதுபோல ஒவ்வொன்றாக விசாரித்தேன்.

அப்படித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். அந்த வடக்கு வெளியில் மரமில்லை. பாசியும் புல்லும் முழங்கால் உயரப் பற்றையும் சின்னச் சின்னக் குட்டைகளும்தான். பறவைகள் எங்கெங்கோ சூடான கடலோரங்களில் இருந்து பறந்து வருகின்றன. வந்து இறங்கும்போது பனி கரைந்து கொஞ்சமாவது நிலம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் காத்திருக்கும். மிகவும் பிந்தினால் அந்த வருடம் முட்டையே இடாமல் திரும்பிவிடும். நிலம் தெரிந்தாலும் போதாது. குஞ்சு வெளியே வருகிற அதே நாட்களில் நுளம்பும் மற்றப் பூச்சிகளும் கிளம்பவேண்டும். அங்கே கோடை ஒரு கண் சிமிட்டல். முந்தினாலும் பிந்தினாலும் குஞ்சுக்குச் சாப்பாடு இல்லை. இன்னொன்று, லெமன் என்று ஒரு குண்டு எலி. அது பெருகுகிற வருடத்தில் நரியும் மற்றதுகளும் எலியைத் தின்றுகொண்டு முட்டையைக் கவனிக்காது. எலி இல்லாத வருடத்தில் எல்லாவற்றின் கண்ணும் முட்டையில்தான்.

"இவ்வளவும் ஒருமிக்கச் சரியாய் வாறது எப்ப பிள்ளை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுதான் அம்மா எண்ணுறம்" என்றாள்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். மகள் பார்த்துவந்த சதுப்பில் முதல் வருடம் பனி கரையப் பிந்தியது. அடுத்த வருடம் எலி இல்லை, நரி எல்லாவற்றையும் தின்றுவிட்டது. மூன்றாவது வருடமும் குஞ்சு பொரிக்காவிட்டால் அந்தச் சதுப்பைக் கைவிடுவதென்று அவளுடைய மேலிடத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். கைவிட்டால் மகளுக்கு ஒஸ்லோவில் மேசை வேலை. பொரித்தால் வருடம் முழுக்க அங்கேயே இருந்து பார்க்கிற நிரந்தர வேலை. இதை அவள் என்னிடம் சொன்னபோது நான், "நல்லது பிள்ளை, நடக்கிறது நடக்கட்டும்" என்றேன். போனை வைத்துவிட்டு அவளுடைய அறைக்குப் போய்க் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். அந்த முட்டைகள் பொரிக்கக்கூடாது என்று சாமியிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க எனக்கு நிறையக் கஷ்டமாக இருந்தது.

அந்த மூன்றாவது வருடம் ஜூன் மாதம் நான் வடக்கே போனேன். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்ன திடீரென்று?" என்று மகள் கேட்டாள். "ஊரை ஒருக்கால் பாக்கவேணும்" என்றேன். ஊரைப் பார்க்கிற ஆசை எனக்கு இருக்கவில்லை.

சின்னம்மா வாசலிலேயே நின்றா. தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆனால் நடை அதே வேக நடை. "அக்கா, மெலிஞ்சுபோனியள். ஒஸ்லோவிலை அரிசி விக்கிறேல்லையோ?" என்று கட்டிப்பிடித்தா. உள்ளே போனால் வாசலில் மகளின் சப்பாத்து, கொழுவியில் மகளின் மழைச்சட்டை, குளிர்ப்பெட்டிக் கதவில் மகள் சின்ன வயதில் கீறிய படம். அந்தப் பச்சைக் கதிரையும் இருந்தது. நான் அதில் இருக்காமல் மற்றதில் இருந்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் மீன் சொதியும். மகள் கேட்காமலேயே சின்னம்மா அவளுடைய தட்டில் புட்டின் அடிப்பக்கத்தைப் போட்டா. என் மகளுக்கு அடிப்பக்கம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்தபோது அவள் எதையும் கேட்டதில்லை, போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

"எத்தினை கூடு பிள்ளை இந்த முறை?" என்று சின்னம்மா கேட்டா.

"ஏழு பாத்தனான் சின்னம்மா. பனி நல்ல நேரத்துக்குக் கரைஞ்சது. எலியும் ஓரளவு இருக்கு. நரியின்ரை கால் தடம் இன்னும் காணேல்லை."

"அப்ப இந்த வருசம் வெல்லுறாய்."

மகள் குனிந்து புட்டைக் குழைத்தாள். அந்த நேரம் அவள் முகத்தைப் பார்த்து எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சின்னம்மாவுக்குப் படவில்லை. அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

அடுத்தநாள் மகள் என்னைச் சதுப்புக்குக் கூட்டிப்போனாள். கொஞ்சத் தூரம் காரில், மீதி நடை. எனக்குச் சின்னம்மாவின் ரப்பர் சப்பாத்தைத் தந்தாள். அதுவும் அளவாகத்தான் இருந்தது. மகள் முன்னே கால் வைத்த இடத்தில் நான் கால் வைத்துப் போனேன். ஓரிடத்தில் குந்தி, புல்லை விரலால் மெல்ல விலக்கி, "அம்மா, பாருங்கோ, மூச்சுவிடாதேங்கோ" என்றாள்.

உள்ளங்கை அளவு பள்ளம். அதில் ஒரு குட்டிப் பறவை, எங்கள் உள்ளான் குருவி மாதிரி, கழுத்தில் மங்கலான செம்பட்டை. எங்களைப் பார்த்துக்கொண்டே அசையாமல் கிடந்தது.

"தாயோ?"

"தகப்பன். இந்தப் பறவையிலை தாய் முட்டையை இட்டிட்டுப் போயிடும். அடைகாக்கிறது, குஞ்சைப் பாக்கிறது எல்லாம் தகப்பன்தான். தாய்தான் வடிவு, தகப்பன் மங்கல்."

"போன தாய் திரும்பி வராதோ?"

"வராது. அது இந்நேரம் தெற்கை பாத்துப் பறந்திருக்கும்."

எனக்கு அந்தத் தாய்ப் பறவையில் ஆத்திரம் வந்தது. பிறகு அதில் பொறாமையும் வந்தது. பிள்ளை யாரோடு வளர்ந்தால் என்ன என்று விட்டுவிட்டுப் பறக்க அதற்கு முடிகிறது. மகள் அந்த ஆண் பறவையிடம் தாழ்ந்த குரலில் என்னவோ நோர்வேஜிய மொழியில் சொன்னாள். அவ்வளவு இளகிய குரலை நான் போனில் ஒருநாளும் கேட்டதில்லை. பொறாமைப்பட இன்னொன்று. அந்தப் பறவைக்கும் ஒரு கும்பிடு.

அங்கிருந்து அடுத்த கூட்டுக்குப் போனோம். அது வெறுமையாக இருந்தது. பாசியில் முட்டையோட்டுத் துண்டு இரண்டு. மகள் குனிந்து பார்த்துக் கையில் இருந்த சின்னப் பெட்டியில் எதையோ பதிந்தாள். நான் தடுமாறி ஒரு பாசித் திட்டில் கையூன்றினேன். கையில் என்னவோ ஒட்டியது. பார்த்தால் சோறு.

மரமில்லாத, மனிதரில்லாத வெளியில், பாசிக்கு அடியில் செருகி வைத்ததுபோல ஒரு பிடி சோறு. காய்ந்திருந்தது, ஆனாலும் சோறுதான். சோற்றில் கறுப்புக் கறுப்பாய் எள்ளு.

நான் அதைப் பார்க்க, மகள் சப்பாத்துக் காலால் பாசியைத் தள்ளி மூடினாள்.

"அதை விடுங்கோ அம்மா."

"எள்ளுச்சோறு."

"ஓம்."

"இஞ்சை என்னெண்டு வந்தது?"

அவள் பாசியைத் திரும்பவும் மிதித்து அமுக்கினாள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சின்னம்மாவின் புருசன் ஒரு சனிக்கிழமை காலமானவர். அன்றிலிருந்து அவ சனிக்கிழமைகளில் விரதம். எள்ளுச்சோறு குழைத்துக் காகத்துக்கு வைத்து, காகம் தின்ற பிறகுதான் வாயில் தண்ணீர் வைப்பா. இதை அவ எனக்குப் போனில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா. காகம் தின்றது போக மிச்சத்தைக் கொண்டுபோய் ஒளித்துவைக்கும். அதுக்கும் நாளைக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"காகம் முந்தி இந்தப் பக்கம் வாறதில்லை" என்று மகள் பிறகு சொன்னாள். "ஊருக்குள்ளை துறைமுகத்தோடை நிக்கும். சின்னம்மா வைக்கத் தொடங்கினாப் பிறகு வீட்டுக்குப் பின்னாலை கூடுது. திண்டிட்டுச் சும்மா இருக்குமே. மேலை வந்து நடந்து நடந்து தேடுது. ஒரு கூட்டைக் கண்டால் மற்றதையும் கண்டுபிடிக்கும்."

"எவ்வளவு நாளாய்த் தெரியும் உனக்கு?"

"போன வருசமே நினைச்சனான். இந்த வருசம் கண்ணாலை கண்டனான்."

"ஏன் அவவுக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டம்மா சொல்லுறது? சின்னப்பாவுக்கு வைக்கிற சோறு. அதை வைக்காதேங்கோ எண்டு நான் சொல்லுறதே? அவ சாப்பிடாமல் இருந்திடுவா."

"நான் வைச்சிருந்தால்?"

மகள் சிரித்தாள். "நீங்களெண்டால் அண்டைக்கே வாசலிலை நிண்டு கத்தியிருப்பன்."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. என்னிடம் கத்தலாம், அவவின் மனம் நோகக்கூடாது. திரும்பி வரும் வழி முழுக்க அதையே நினைத்தேன். தன் வேலையையே இழந்தாலும் பரவாயில்லை, சின்னம்மா பசியோடு இருக்கக்கூடாது. என்மேல் அவளுக்கு அப்படி ஒரு கரிசனை இருந்ததா? இருந்திருந்தால் மூன்று சொல்லில் போனை வைப்பாளா?

சனிக்கிழமை வந்தது. சின்னம்மா தலைக்குக் குளித்து, பச்சையரிசிச் சோற்றில் எள்ளும் நல்லெண்ணெயும் விட்டுக் குழைத்து, பின்பக்கத்துப் பாறையில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் வைத்தா. வெறுமனே வைத்துவிட்டு வரவில்லை. "வாங்கோ, நேரமாச்சு" என்று கூப்பிட்டா. அங்கே காகம் சாம்பல் சட்டை போட்டது. விளக்குக் கம்பத்தில் இருந்து இரண்டு இறங்கின, பிறகு நாலைந்து. கடைசியாகப் பெரிய அண்டங்காக்கை ஒன்று வர, மற்றவை விலகி நின்றன.

"அது அவர்தான்" என்று சின்னம்மா எனக்குச் சொன்னா. "எப்பவும் பிந்தித்தான் வருவார். ஃபாக்டரிக்கும் பிந்தித்தானே போறவர்."

நான் சிரித்துவிட்டேன். அந்த மனிதர் அப்படித்தான். தின்று முடித்ததும் ஒவ்வொன்றாக எழும்பி மேட்டுப் பக்கம் போயின. சின்னம்மா பார்க்கவில்லை, அவ உள்ளே போய்ப் பசியாறினா. நான் பார்த்தேன். மகளும் யன்னலால் பார்த்தாள்.

அன்று பின்னேரம் மகள் சதுப்பிலிருந்து வந்தாள். சின்னம்மா குசினியில் நின்று, "பிள்ளை, தேத்தண்ணி?" என்று கேட்டா. மகள், "பிறகு" என்று சொல்லிவிட்டு நான் இருந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கட்டிலில் என் பக்கத்தில் இருந்து என் தோளில் தலையைச் சாய்த்தாள். உடுப்பில் ஈரப் பாசி வாடை.

"இன்னும் ரெண்டு கூடு போச்சுதம்மா" என்றாள்.

நான் அவளுடைய தலையைத் தடவினேன். அவள் வளர்ந்தபிறகு இப்படி என்னிடம் வந்ததே இல்லை. ஏன் வந்தாள் என்று எனக்குத் தெரியும். இந்தத் துக்கத்தைச் சின்னம்மாவிடம் கொண்டுபோக அவளால் முடியாது. காகங்கள்தான் அவளை என்னிடம் அனுப்பி வைத்தன. இன்னும் ஒரு சனிக்கிழமை நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், மிச்சமும் போய்விடும். அவள் ஒஸ்லோவுக்கு வந்துவிடுவாள். புது விரிப்புப் போட்ட கட்டில் காத்திருக்கிறது.

அப்படியே கொஞ்சநேரம் இருந்தேன். அவளுடைய பாரம் என் தோளுக்கு இதமாக இருந்தது. ஆனால் அவள் அழவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இப்படி ஒரு முகத்தோடு வருகிறவளை ஒஸ்லோவில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? புட்டின் அடிப்பக்கத்தைப் போட்டாலும் தின்னமாட்டாள்.

மறுநாள் காலை மகள் வெளிக்கிட்டுப் போனபிறகு, சின்னம்மா மீன் வெட்டிக்கொண்டு நின்ற இடத்துக்குப் போனேன். யாரையும் குறைசொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால் அந்தப் பச்சைக் கதிரையில் போய் இருந்தேன்.

"உம்மடை காகங்கள்தான் பிள்ளையின்ரை முட்டையைத் தின்னுது" என்றேன்.

அவ கத்தியை வைக்காமலேயே திரும்பினா. "ஆர் சொன்னது?"

"சதுப்பிலை எள்ளுச்சோறு கிடக்கு. என்ரை கையிலை ஒட்டினது."

"பிள்ளை எனக்குச் சொல்லேல்லையே."

"சொல்லமாட்டாள். நீர் பட்டினி கிடப்பீர் எண்டு பயம்."

அவ மீனைப் பலகையில் திருப்பிப் போட்டா. பிறகு, "அக்கா, நீங்கள் வந்த நாள் துவக்கம் பாக்கிறன். என்னிலை உங்களுக்கு எரிச்சல். பொறாமையிலைதானே இதைச் சொல்லுறியள்?" என்றா.

"ஓம், பொறாமையிலைதான் சொல்லுறன்" என்றேன். "அதுக்காகப் பொய்யெண்டு ஆகாது."

எனக்கே என் வாயை நம்ப முடியவில்லை. அவவுக்கும்தான். கத்தியை வைத்துவிட்டு மற்றக் கதிரையில் வந்து இருந்தா. கண் கலங்கியது. "அவள் பிறந்த நாளிலையிருந்து பாத்த பிள்ளை. நானே அவளின்ரை சோத்திலை மண் போட்டிட்டனே" என்றா. இந்த நேரத்திலும் அவ பார்த்த பிள்ளை. நான் அதை விழுங்கிக்கொண்டேன்.

"முட்டை பொரிக்கிறவரைக்கும் வைக்காமல் விடும்" என்றேன்.

"மனுசனுக்கு என்ன பதில் சொல்லுறது? வைக்காமல் நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

"கீழை துறைமுகத்திலை வையுமன்."

"அங்கை கடற்புறா விடுமே? ஒரு பருக்கை காகத்துக்குக் கிடைக்காது."

அதுவும் உண்மைதான். மீன் பலகையில் கிடந்தது. எனக்கு எப்படி அந்த யோசனை வந்தது என்று தெரியாது. "நான் வைக்கிறன், ஒஸ்லோவிலை. எங்கடை பக்கம் இப்பிடிச் சதுப்பும் இல்லை, கணக்கெடுக்கிற முட்டையும் இல்லை. காகம் மட்டும் கனக்க இருக்கு" என்றேன்.

"ஒஸ்லோக் காகத்துக்கு எங்கடை மனுசனைத் தெரியுமோ?"

"உம்மடை மனுசன் ஒஸ்லோவுக்கு வந்த நேரமெல்லாம் எங்கடை வீட்டிலைதானே சாப்பிட்டவர். வழி தெரியும்."

அவ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தா. "பிந்தித்தான் வருவார். பாத்துக்கொண்டு இருக்கவேணும்."

"இருக்கிறன்."

அதன்பின் நான் அங்கே அதிகம் தங்கவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு முன் ஒஸ்லோவில் நிற்கவேண்டும். மகள் விமான நிலையத்துக்குக் கூட்டிவரும்போது, "சின்னம்மாவுக்கு என்ன சொன்னீங்கள்? அழுதமாதிரிக் கிடக்கு" என்று கேட்டாள். "எங்கடை கதை" என்றேன். எங்களுக்குள்ளும் அவளுக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறதென்று அவளும் ஒருமுறை யோசிக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு வழியிலேயே சொல்லிவிட்டேன். ரகசியம் வைக்க எனக்கு வராது.

எங்கள் கட்டடத்தில் பல்கனியில் பறவைக்குச் சாப்பாடு போடக்கூடாது என்று சட்டம். அதனால் சோற்றை டப்பாவில் போட்டுக்கொண்டு, டீபானா ரயில் நிலையத்துக்குப் பின்னால் காடு தொடங்குகிற இடத்தில் இருக்கும் பாறைக்குப் போனேன். முதல் சனிக்கிழமை ஒரு காகமும் வரவில்லை. மற்ற நாட்களில் குப்பைத் தொட்டியைச் சுற்றி நிற்பதுகள் அன்றைக்கு எங்கோ போய்விட்டன. மதியம் கடந்தது. வடக்கிலிருந்து போன்.

"அக்கா, திண்டிட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"நான் சொன்னனானே, பிந்தித்தான் வருவார் எண்டு."

தின்றுவிட்டது என்று ஒரு சொல் சொன்னால் அவ சாப்பிட்டிருப்பா, நானும் வீட்டுக்குப் போயிருப்பேன். அந்த மனிதர் விசயத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை. பாறையோரமே நின்றேன். வீதியால் நாயோடு போன ஒரு நோர்வேஜியக் கிழவர் தலையாட்டிவிட்டுப் போனார். கடைசியில் வால் நீண்ட, கறுப்பும் வெள்ளையுமான ஒன்று வந்து சோற்றைக் கொத்தியது. அது காகம்தானா இல்லையா என்று எனக்கும் சின்னம்மாவுக்கும் போனில் வாக்குவாதம். பிறகு மகளின் குரல் பின்னால் கேட்டது: "சின்னம்மா, அதுவும் காகக் குடும்பம்தான். நீங்கள் சாப்பிடுங்கோ." கரண்டி தட்டில் படுகிற சத்தம் கேட்டது. இரண்டு கரண்டி. என் மகளும் அவ சாப்பிடும்வரை காத்திருந்திருக்கிறாள். எனக்கு அந்த இரண்டாவது கரண்டிதான் காதில் நின்றது. நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. டப்பாவில் ஒட்டியிருந்த எள்ளுச்சோற்றை வழித்துத் தின்றேன்.

ஜூலையில் ஒருநாள் மகள் போன் எடுத்தாள். மூச்சு வாங்கியது. "அம்மா, பொரிச்சிட்டுது. மிஞ்சின நாலு கூட்டிலையும். பொரிச்ச அண்டைக்கே குஞ்சுகள் கூட்டை விட்டு ஓடுதுகள். தகப்பன் முன்னாலை போகுது, அதுகள் பின்னாலை போய்த் தாங்களே பூச்சி பிடிக்குதுகள். நுளம்பு கிளம்பின அதே கிழமை." அவ்வளவு நேரம் அவள் என்னோடு கதைத்ததில்லை. நான் சமைக்க வைத்ததை அடுப்பில் கருகவிட்டுக் கேட்டேன். "முதல் உங்களுக்குத்தான் சொல்லுறன்" என்றாள். அந்தச் சொல்லை ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். மறுநாள் சின்னம்மா போன் எடுத்து, "நானும் அவளோடை சதுப்புக்குப் போனனான் அக்கா, என்ரை கண்ணுக்கு முன்னாலைதான் ஓடினது" என்றா. முதலடி எப்போதும் அவவுடைய நேரத்தில்தான்.

நிரந்தர வேலை மகளுக்குக் கிடைத்தது. இப்போது அவள் அங்கேயே இருக்கிறாள். அவளுடைய கட்டில் விரிப்பை நான் மாற்றுவதை நிறுத்திவிட்டேன், தூசு மட்டும் தட்டுவேன். பனி கரையத் தொடங்கினதும் சின்னம்மா கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவா, நான் என்னுடையதை எடுப்பேன். குஞ்சுகள் பறக்கிறவரை சனிக்கிழமைகளில் அந்தப் பாறைக்குப் போகிறேன். காகங்கள் இப்போது என்னைத் தெரிந்து வைத்திருக்கின்றன. கடைசியில், மற்றவையெல்லாம் தின்றுவிட்டுப் போனபிறகு, ஒன்று பிந்தி வரும். அதைக் கண்டதும் போன் எடுத்து, "வந்திட்டார், சாப்பிடுங்கோ" என்பேன். அவ தட்டை எடுக்கிற சத்தமும் மகளின் கதிரை இழுபடுகிற சத்தமும் கேட்கும். கொஞ்சநேரம் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒருநாளைக்கு அவள் எந்தக் கதிரையில் இருக்கிறாள் என்று கேட்கவேண்டும்.

இவ்வளவும் எழுதியதை யாராவது படித்த பிள்ளை ஒருமுறை சரிபார்த்துத் தந்தால் புண்ணியம். அந்தப் பறவையில் தகப்பன்தான் அடைகாக்கிறது என்று நான் எழுதியது சரியா, அந்த எலிக்குப் பெயர் அதுதானா, வால் நீண்டது உண்மையில் காகக் குடும்பமா அல்லது சின்னம்மாவைச் சாப்பிடவைக்க மகள் சொன்னதா, இதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. குளிர்காலத்தில் அந்தப் பறவைகள் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடலுக்குப் போவதாகவும் ஒரு ஞாபகம், அது அவள் சொன்னதோ நானாக நினைத்ததோ தெரியாது, அதனால் எழுதவில்லை. மகளிடம் கேட்டால் எல்லாம் சரியாகச் சொல்வாள். ஆனால் சின்னம்மா வீட்டுக்குப் போன் எடுத்துக் கேட்காதீர்கள். என்னிடம் சொல்லுங்கள், நான் எடுத்துக் கேட்டுச் சொல்கிறேன்.